சாவித்திரிக்குத் தெரிந்திருந்தது!



மாசி முடிந்து பங்குனி பிறக்கும் அந்த வேளை நமக்கெல்லாம் எவ்வளவு பரிச்சயமானது! வீட்டைத் துடைத்துக் கோலமிட்டு, வறுத்த அரிசிமாவில் காராமணி சேர்த்து வெல்ல அடையும் உப்பு அடையும் தட்டி, வாழையிலையில் உருகாத வெண்ணெயோடு வைத்துப் படைக்கிறோம். அம்பிகையை வணங்கி மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிறோம். வீட்டில் கல்யாணமாகாத பெண் இருந்தால் அவள் கழுத்திலும் ஒரு சரடு கட்டிவிடுகிறோம்.

காரடையான் நோன்பின் நாயகி சாவித்திரி. அவள் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம்; நம் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். ஆனால், எமனோடு வாதாடியபோது அவளுக்கு என்ன வயதிருக்கும் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? குமரிப் பருவத்தில் அடியெடுத்து வைத்த பெண் அவள். இன்றைய கணக்கில் சொன்னால், நம் வீட்டில் ப்ளஸ் டூ புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணைவிடச் சற்றே மூத்தவளாக இருக்கலாம்... அவ்வளவுதான்!

இதை நானும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு தாயின் கண்ணீர்.

பிரதோஷத்தில் ஒரு கேள்வி

சில மாதங்களுக்கு முன், சென்னையில் ஒரு சிவாலயத்தில் பிரதோஷ தரிசனம் முடித்து, பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து அமர்ந்தார் ஓர் அம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

''நீங்க கோயில் கட்டுரையெல்லாம் எழுதறவங்கதானேம்மா?'' என்றார். தலையசைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தை மடித்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். டியூஷனில் கூடப் படித்த பையனுக்கு எலும்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோதெரபி எல்லாம் ஆயிற்று. நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. 'இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்' என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

''ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஆசையா இருந்திருக்காங்க. எங்களுக்கே இப்பத்தாம்மா தெரியும். தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்க்கணும்னு அழறா. அவங்கப்பா கூடவே கூடாதுங்கறார். பரீட்சை வருது, நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு கேக்கறார். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. தடுத்தா பாவம்னு இருக்கு. அனுப்பினா பயமா இருக்கு. நம்ம சாமி கதையில எங்கயாவது இதுக்கு வழி சொல்லியிருக்காம்மா?''

நான் வாயடைத்துப் போனேன். வருஷக்கணக்கில் தல வரலாறுகளை எழுதிய எனக்கு, அந்த நிமிடத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. ''யோசிச்சுச் சொல்றேங்க்கா'' என்று சொல்லி, தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு மகாபாரதத்தையும் பெரியபுராணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். வழி இருந்தது! அந்த அம்மாளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மண் குதிரை செய்த பிள்ளை

சாவித்திரி கதை, மகாபாரதத்தில் வன பருவத்தில் வருகிறது. காட்டில் துயரத்தோடு இருக்கும் தருமபுத்திரருக்கு அதைச் சொல்பவர் யார் தெரியுமா? மார்க்கண்டேய மகரிஷி! பதினாறு வயதில் ஆயுள் முடியும் என்று விதிக்கப்பட்டு, திருக்கடையூரில் சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டு காலனை வென்றவர் என்று புராணம் போற்றுகிற அதே மார்க்கண்டேயர். மரணத்தின் வாசலைச் சின்ன வயதிலேயே பார்த்தவர் வாயிலிருந்து இந்தக் கதை வருவது எவ்வளவு பொருத்தம்!

மத்ர தேசத்து மன்னன் அசுவபதி. பிள்ளை இல்லாத குறை தீர, பதினெட்டு ஆண்டுகள் விரதமிருந்து சாவித்திரி தேவியை வழிபட்டான். அந்த அருளால் பிறந்த மகளுக்குத் தேவியின் பெயரையே வைத்தான். பெண் வளர்ந்தாள். அவளுடைய தேஜஸைப் பார்த்து அஞ்சி, பெண் கேட்டு யாரும் வரவில்லை. 'நீயே உனக்கேற்ற கணவனைத் தேடிக்கொள் அம்மா' என்று தேரும் துணைக்கு மூத்த அமைச்சர்களும் கொடுத்து அனுப்பி வைத்தான் தந்தை.

ஆசிரமம் ஆசிரமமாகச் சென்ற அவள், காட்டில் ஒருவனைக் கண்டாள். அவன் சத்தியவான். பார்வையும் நாடும் இழந்து காட்டில் வாழ்ந்த சாலுவ மன்னன் துயுமத்சேனனின் மகன். அவனுக்கு இன்னொரு பெயரும் உண்டு - சித்திராசுவன். சிறு வயதில் குதிரைகள் மேல் அவனுக்கு அத்தனை ஆசை. களிமண்ணில் குதிரை செய்வான். குதிரைப் படம் வரைவான். அதனால் வந்த பெயர்!

இந்தச் சின்ன விவரத்தைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. இதிகாச நாயகன் என்று தள்ளி நின்று பார்க்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் வரைகிற நம் வீட்டுப் பிள்ளைதான் அவனும்.

சாவித்திரி அரண்மனை திரும்பித் தன் முடிவைச் சொன்னபோது, அங்கே நாரதர் இருந்தார். 'அவனிடம் எல்லா நற்குணங்களும் உண்டு. ஒரே ஒரு குறை. இன்றிலிருந்து ஓராண்டு முடியும் நாளில் அவன் உயிர் பிரியும்' என்றார்.

பெற்ற மனம் பதறாதா? 'வேறு ஒருவனைத் தேர்ந்தெடு' என்றான் அசுவபதி. மகள் அசையவில்லை. அவன் ஆயுள் நீண்டதோ குறுகியதோ, மனத்தால் ஒருமுறை முடிவு செய்தாயிற்று. இரண்டாவது முறை என்பது கிடையாது என்ற பொருளில் பதில் சொன்னாள். நாரதரே அவள் உறுதியைப் பாராட்டினார்.

இப்போது அந்தத் தந்தை செய்ததைக் கவனியுங்கள். மகளை அறைக்குள் பூட்டவில்லை. 'எப்படியோ போ' என்று கைகழுவவும் இல்லை. தானே அவளை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போனான். பார்வையற்ற அந்தப் பெரியவரிடம் சம்பந்தம் பேசி, முறைப்படி மணமுடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். மகள் போகிற பாதை நெருப்புப் பாதை என்று தெரிந்தும், வாசல்வரை கூடவே நடந்தான். சாவித்திரியின் புகழில் பாதி, அசுவபதிக்கும் சேர வேண்டியது அல்லவா?

அந்த ஓராண்டு

எமனிடம் அவள் வரம் வாங்கிய கதைதான் நமக்கு நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய ஓராண்டை நாம் கவனிப்பதே இல்லை.

தந்தை திரும்பிச் சென்றதும் நகைகளைக் கழற்றிவிட்டு மரவுரி உடுத்தினாள். மாமியாருக்குப் பணிவிடை செய்தாள். மாமனாரைக் கவனித்துக்கொண்டாள். கணவனிடம் இனிமையாகப் பேசினாள். நாரதர் சொன்ன வார்த்தை இரவும் பகலும் அவள் நெஞ்சில் ஓடிக்கொண்டே இருந்தது, ஒருவரிடமும் சொல்லவில்லை. நாட்களை எண்ணியபடியே அடுப்பு மூட்டினாள், தண்ணீர் எடுத்தாள், சிரித்தாள். மலையைப் பெயர்ப்பதைவிடப் பெரிய தவம் இது!

இன்னும் நான்கு நாட்களே இருக்கின்றன என்ற நிலையில், மூன்று இரவுகள் நின்றபடியே விரதமிருந்தாள். கடைசி நாள் காலையில் கோடரியோடு புறப்பட்ட சத்தியவானிடம், 'நானும் வருகிறேன்' என்றாள். மாமனார் மாமியாரிடம் அனுமதி கேட்டாள். வந்து ஏறக்குறைய ஓராண்டாகிறது, ஆசிரமத்தை விட்டு வெளியே போனதில்லை, பூத்திருக்கும் காட்டைப் பார்க்க ஆசை என்று சொன்னாள். 'இந்தப் பெண் இதுவரை எதையுமே கேட்டதில்லையே!' என்று அனுப்பி வைத்தார் துயுமத்சேனன்.

போகும் வழியெல்லாம் சத்தியவான், 'அந்த ஆற்றைப் பார், பூத்த மரங்களைப் பார்' என்று காட்டிக்கொண்டே போனான். அவள் சிரித்துக்கொண்டே பார்த்தாள்... அவனையே பார்த்தாள்.

விறகு வெட்டும்போது தலைவலி என்றான். மடியில் தலையை வாங்கிக்கொண்டாள். மற்றவை நீங்கள் அறிந்ததே. பாசக்கயிற்றோடு எமதருமன் தானே வந்தான். கட்டைவிரல் அளவான உயிரைக் கட்டிக்கொண்டு தென்திசை நோக்கி நடந்தான். அவள் பின்னாலேயே நடந்தாள்.

அவள் கேட்ட வரங்களின் வரிசையைப் பாருங்கள். முதல் வரம், மாமனாருக்குக் கண் பார்வை. இரண்டாவது, அவர் இழந்த ராஜ்யம். மூன்றாவது, தன் தந்தைக்கு நூறு புத்திரர்கள். அதன் பிறகுதான் தனக்குப் பிள்ளை வரம். அதிலிருந்து கணவனின் உயிர்! உலகமே இடிந்து விழும் நேரத்திலும், மகனை இழக்கப்போகும் அந்த இரண்டு முதியவர்களை அவள் மறக்கவில்லை.

உயிர் மீண்ட சத்தியவானுக்கு உடல் சோர்ந்திருந்தது. பழக்கூடையைக் கிளையில் மாட்டிவிட்டு, கோடரியைத் தான் எடுத்துக்கொண்டு, அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இரவோடு இரவாக நடத்தி அழைத்து வந்தாள். தெய்வத்தோடு வாதாடியது ஒரு பெருமை என்றால், நடக்க முடியாதவனுக்குத் தோள் கொடுத்தது இன்னொரு பெருமை.

திருமருகலில் கேட்ட அழுகுரல்

'அது இதிகாசம். அவர்கள் முறைப்படி மணமானவர்கள். என் மகள் விஷயம் அப்படி இல்லையே' என்று அந்த அம்மாள் கேட்கக்கூடும். அவருக்காகவே நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தலம் இருக்கிறது - திருமருகல்.

வைப்பூரில் தாமன் என்றொரு வணிகர். அவருக்கு ஏழு பெண்கள். மூத்தவளைத் தன் மருமகனுக்குத் தருவதாகச் சொன்னார். பிறகு பொருளுக்கு ஆசைப்பட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். இப்படியே அடுத்தடுத்து ஆறு பெண்களையும் பிறருக்கே கொடுத்தார். ஏமாந்து நின்ற மருமகன்மேல் இரக்கம் கொண்டாள் ஏழாவது பெண். இரக்கம் அன்பானது. தாய் தந்தையை விட்டு அவனோடு புறப்பட்டு வந்துவிட்டாள்.

வழியில் திருமருகலில் கோயிலை அடுத்த மடத்தில் இரவு தங்கினார்கள். உறங்கியவனைப் பாம்பு தீண்டியது. விஷம் ஏறி உயிர் பிரிந்தது. இன்னும் மணமாகவில்லை. அதனால் அவனைத் தொட்டு அழக்கூட அவளால் முடியவில்லை! பக்கத்தில் விழுந்து, இறைவனின் பெயரைச் சொல்லிக் கதறினாள்.

அந்த நேரம் பெருமானை வழிபட வந்துகொண்டிருந்தார் திருஞானசம்பந்தர். அழுகுரல் காதில் விழுந்ததும், அவளிடம் வந்தார். 'பயப்படாதே. நடந்ததைச் சொல்' என்று கேட்டார். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

சகோதரிகளே, சம்பந்தர் என்ன சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்! 'பெற்றவர்களை விட்டு ஏன் வந்தாய்?' என்று கேட்கவில்லை. 'செய்த பாவத்துக்குக் கூலி' என்று சொல்லவில்லை. 'இந்த வயதில் இதெல்லாம் தேவையா?' என்று உபதேசம் செய்யவில்லை. அவள் பக்கம் நின்று இறைவனிடம் பேசினார். 'உன்னையே நம்பி உன் பெயரைச் சொல்லி அழுகிற இந்தப் பெண்ணை இப்படித் தவிக்க விடுவது உனக்குத் தகுமா?' என்ற கருத்தில் பதிகம் பாடினார். இரண்டாம் திருமுறையில் அந்தப் பதிகம் இன்றும் இருக்கிறது. விஷம் இறங்கியது. வணிகன் எழுந்தான். இருவருக்கும் மணம் செய்து வைத்து வாழ்த்தி அனுப்பினார் ஞானப்பிள்ளை.

சிறு வயதுப் பிள்ளைகளின் அன்பைப் பார்த்ததும் நமக்குக் கோபமும் பயமும்தான் முதலில் வருகின்றன. சம்பந்தருக்கு முதலில் வந்தது கருணை. முறைப்படுத்தியது அதற்குப் பிறகு!

பாதி ஆயுள்

மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் இன்னொரு கதை. ருரு என்ற முனிகுமாரன். அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள் பிரமத்வரை. மேனகைக்குப் பிறந்து, ஸ்தூலகேச முனிவர் ஆசிரமத்தில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, தோழிகளோடு விளையாடியவள் தூங்கும் பாம்பை மிதித்துவிட்டாள். உயிர் போயிற்று.

காட்டுக்குள் ஓடிக் கதறினான் ருரு. தேவதூதன் தோன்றி, 'ஆயுள் முடிந்தவள் திரும்ப வருவதற்கு ஒரே வழி, உன் ஆயுளில் பாதியைக் கொடுப்பது' என்றான். யோசிக்கவே இல்லை அந்தப் பிள்ளை. கொடுத்துவிட்டான். தூக்கத்திலிருந்து விழிப்பவள் போல எழுந்தாள் பிரமத்வரை.

நம்மால் ஆயுளில் பாதியைக் கொடுக்க முடியுமா? முடியாது. ஆனால், ஆயுள் என்பது என்ன? நேரம்தானே! நோயாளியின் கட்டில் அருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், நம் ஆயுளில் ஒரு மணி நேரத்தைக் கொடுக்கிறோம். அதுவும் ருரு செய்த தானத்தின் ஒரு துளிதான்.

கதை அத்தோடு முடியவில்லை. பாம்பு இனத்தின் மீதே ருருவுக்கு வெறுப்பு வந்துவிட்டது. கண்ணில் பட்ட பாம்பையெல்லாம் அடித்தான். ஒருநாள் விஷமற்ற ஒரு கிழப் பாம்பை அடிக்கத் தடியை ஓங்கியபோது, 'நான் உனக்கு என்ன தீங்கு செய்தேன்?' என்று அது கேட்டது. அப்போதுதான் அவன் தெளிந்தான். துக்கம் பல நேரம் கோபமாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். சிடுசிடுக்கும் பெண், கதவை அறைந்து சாத்தும் பெண், 'சாமியே இல்லை' என்று கத்தும் பெண்... அவள் அடங்காப்பிடாரி அல்ல, அழத் தெரியாமல் நிற்கிறாள் என்று தாய்க்குப் புரிய வேண்டும்.

எழுந்து வராத கலிப்பகையார்

இனி, கேட்கப் பயமான கேள்விக்கு வருவோம். சத்தியவான் எழுந்தான். மருகல் வணிகன் எழுந்தான். பிரமத்வரை எழுந்தாள். எழுந்து வராதவர்கள்? எத்தனை வீடுகளில் எவ்வளவு உருக்கமாகப் பிரார்த்தித்தும், உயிர் பிரிந்துதானே போயிருக்கிறது? அப்போது சாமி கேட்கவில்லையா?

இதற்குப் பதில் திருவாமூரில் கிடைக்கிறது.

புகழனார், மாதினியார் தம்பதியின் மகள் திலகவதி. பன்னிரண்டு வயதில், கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு நிச்சயிக்கப்பட்டாள். மணநாள் வருவதற்குள், மன்னனின் ஆணையால் அவர் போருக்குப் போனார். இங்கே தந்தை நோயில் இறந்தார். தாயும் உடன் உயிர் நீத்தார். அடுத்து வந்தது, போர்க்களத்தில் கலிப்பகையார் வீழ்ந்துவிட்ட செய்தி.

'அவருக்கு என்று என்னைக் கொடுத்தார்கள். இந்த உயிர் அவருக்கே உரியது' என்று உயிரை விடத் துணிந்தாள் அந்தச் சிறுமி. தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து அழுதார். 'அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். நீ போவதென்றால் உனக்கு முன் நான் போகிறேன்' என்றார். தம்பிக்காக அவள் உயிரோடிருக்கச் சம்மதித்தாள்.

இங்கே எமன் இரங்கவில்லை. பதிகம் பாட யாரும் வரவில்லை. கலிப்பகையார் எழுந்து வரவே இல்லை. அப்படியானால் அந்த அன்பு வீணாயிற்றா?

இல்லை! ஒருவர் மேல் வைத்த அன்பை எல்லா உயிர்கள் மேலும் வைத்தாள் திலகவதி. திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் அலகிட்டு, மெழுகி, மலர் தொடுத்துத் தொண்டு செய்தாள். பின்னாளில் சமணம் சார்ந்திருந்த தம்பி, தாங்க முடியாத சூலை நோயோடு இரவில் அக்காவைத் தேடி வந்தார். ஏன் போனாய் என்று கேட்காமல், திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அந்த வாசலில்தான் நமக்கு அப்பர் பெருமான் கிடைத்தார்!

அன்று பன்னிரண்டு வயதில் அந்தப் பெண் துக்கத்தோடு போயிருந்தால், தேவாரத்தில் அப்பர் பாடிய பகுதி நமக்கு இல்லை. இறைவன் சில அன்புகளுக்குக் காதலனைத் திருப்பிக் கொடுக்கிறான். சில அன்புகளை நதியாக்கி ஊருக்கே பாய விடுகிறான். முதலாவதை அற்புதம் என்கிறோம். இரண்டாவதும் அற்புதம்தான். ஆனால், அது கண்ணுக்குத் தெரிய வருஷங்கள் ஆகும்.

நம் காலத்திலும் உண்டு. அன்புத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த வலியை நெஞ்சில் வைத்திருந்தவரின் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அங்கே பிழைத்தெழுந்த பிள்ளைகள் எத்தனையோ! பெரிய புராணம் படித்தால், எனக்குத் திலகவதியாரோடு இந்த அம்மையாரும் நினைவுக்கு வருகிறார்.

நாம் என்ன செய்யலாம்?

* முதலில் ஒன்று. புற்றுநோய் என்றாலே முடிவு என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வரும் பலவகைப் புற்றுநோய்கள், குறிப்பாக ரத்தப் புற்றுநோயில் சில வகைகள், முறையான சிகிச்சையால் இன்று பெருமளவு குணமாகின்றன. பிரார்த்தனை சிகிச்சைக்குத் துணை, மாற்று அல்ல. விரதம், பரிகாரம் என்று சொல்லி மருந்தை நிறுத்தவே கூடாது.

* குணமாகாது என்ற நிலையிலும் வலியைத் தணிக்க வழி உண்டு. 'பாலியேட்டிவ் கேர்' என்று தனிச் சிகிச்சையே இருக்கிறது. டாக்டர் மேற்பார்வையில் தரும் மார்ஃபின் மருந்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பிள்ளையை வலியில் துடிக்க விடுவது எந்த சாமிக்கும் பிரியமானதல்ல.

* பார்க்கப் போகும்போது கோயில் தீர்த்தம், துளசி, பூ, பிரசாதம் என்று எடுத்துப் போகிறோம். கீமோதெரபியால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அவை கிருமியைக் கொண்டு சேர்க்கலாம். டாக்டரையோ நர்ஸையோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் அன்று போகாதீர்கள்.

* 'போன ஜென்மத்துப் பாவம்' என்ற பேச்சு அந்த அறையில் வேண்டாம். திருமருகலில் சம்பந்தர் அதைச் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

* 'எல்லாம் சரியாயிடும்' என்று திரும்பத் திரும்பப் பொய்யாகத் தேற்றாதீர்கள். பிள்ளைகளுக்குத் தெரியும். சும்மா பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள்.

* உங்கள் பெண் அழுதால் அழ விடுங்கள். சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, 'நானும் போய்விடுகிறேன்' என்ற பேச்சு வந்தாலோ அலட்சியம் வேண்டாம். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதில் வெட்கம் இல்லை. திலகவதியாரையே ஒரு தம்பியின் கண்ணீர்தான் பிடித்து நிறுத்தியது.

ஒரு தொலைபேசி அழைப்பு

இதையெல்லாம் ஒரு நாள் மதியம் அந்த அம்மாளிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. கடைசியில் மட்டும், ''அசுவபதி தானே கூட்டிக்கிட்டுப் போனாராம்மா?'' என்று கேட்டார். ''ஆமாங்க்கா'' என்றேன். வைத்துவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து அவரே அழைத்தார்.

''நானே கூட்டிக்கிட்டுப் போனேம்மா. ஒரு நாள் விட்டு ஒரு நாள். அஞ்சு மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பிடுவோம். நான் வராண்டாவுல அவங்கம்மாவோட உக்காந்திருப்பேன். கதவு திறந்தேதான் இருக்கும். பெரிசா ஒண்ணும் பேசிக்க மாட்டாங்க. அந்தப் பையன் நல்லா பஸ் படம் வரைவான். நம்பர் போர்டு, கண்டக்டர் விசில் ஒண்ணு விடமாட்டான். அவனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்புறம், அவன் சொல்லச் சொல்ல இவ கலர் அடிச்சா. நாலாவது வாரம் இவங்கப்பாவும் வந்தார். வாசல்லயே நின்னார். அப்புறம் உள்ள போய் அவன் தலையைத் தடவிக் கொடுத்துட்டு வந்தார்.''

கொஞ்ச நேரம் பேச்சு நின்றது.

''போன வெள்ளிக்கிழமை விடியக்காலையில போயிட்டாம்மா. நாலு நாள் இவ எழுந்திருக்கவே இல்லை. அஞ்சாம் நாள் குளிச்சுட்டு வந்து, 'அம்மா, ஆன்ட்டி தனியா இருப்பாங்க, போயிட்டு வரலாமா'ன்னு கேட்டா. இப்ப வாராவாரம் போறோம். பரீட்சையும் எழுதறா.''

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எமன் முன்னால் நின்றபோதும் சாவித்திரி கேட்ட முதல் வரம் எது? மாமனாருக்குப் பார்வை! மகனை இழந்து இருண்டு போன ஒரு தாயின் கண்ணுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொண்டுபோகிறாள் இந்தப் பெண். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்பு சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அடுத்த காரடையான் நோன்புக்கு உங்கள் பெண்ணின் கழுத்தில் சரடு கட்டும்போது, 'நல்ல கணவன் கிடைக்க வேண்டும்' என்று வேண்டிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றும் வேண்டுங்கள்: 'அம்மா காமாட்சி, என் பெண் யார் மேல் அன்பு வைத்தாலும், அவர்களின் கஷ்ட காலத்தில் பக்கத்தில் நிற்கும் தைரியத்தை அவளுக்குக் கொடு. அவள் பக்கத்தில் நிற்கும் தைரியத்தை எனக்குக் கொடு!'

தரிசிக்க வேண்டிய தலங்கள்

திருமருகல்: நாகப்பட்டினம் மாவட்டம், நன்னிலம் - நாகப்பட்டினம் சாலையில் உள்ளது. சுவாமி மாணிக்கவண்ணர் (ரத்னகிரீசுவரர்), அம்பாள் வண்டுவார்குழலி. கோச்செங்கட் சோழன் எழுப்பிய மாடக்கோயில்களில் ஒன்று. தல விருட்சம் வாழை.

திருவதிகை: கடலூர் மாவட்டம், பண்ருட்டியை ஒட்டியுள்ளது. அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. வீரட்டானேசுவரரை வணங்கி, திலகவதியாரையும் அப்பரையும் நினைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். அப்பர் அவதரித்த திருவாமூரும் பண்ருட்டிப் பகுதியிலேயே இருக்கிறது.

திருக்கடையூர்: மயிலாடுதுறை மாவட்டம். அமிர்தகடேசுவரர், அபிராமி அம்மன் அருளும் தலம். மார்க்கண்டேயருக்காகக் காலனை உதைத்த காலசம்ஹார மூர்த்தியைத் தரிசிக்கலாம்.